ரெண்டாவது கண் யாருது?

சாத்தங்கோணம்
12 ஜூன் 2024, இரவு

அன்புள்ள ஷீனா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. யூசுப் அத்தானுக்குக்கூடக் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. கிழிக்க மனம் வராவிட்டால் உன் யூனிஃபார்ம் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ சுகமா, அத்தான் சுகமா, திருநெல்வேலியில் வெயில் குறைந்ததா? இங்கே கர்த்தருடைய கிருபையால் மூன்று பேரும் சுகம் என்று எழுத வேண்டும். சுகம்தான். எனக்கு மட்டும் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீ கல்யாணம் செய்துகொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவின் போனில் உன் நம்பரை மாமா பிளாக் செய்து வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு நீ ராகேல் டீச்சருக்கு அனுப்பிய கார்டில், "அஞ்சு எழுதினால் பதில் போடுவேன்" என்று எழுதியிருந்தாயாம். டீச்சர் போன வாரம்தான் காட்டினார். பதிலை அவர் வீட்டுக்கே அனுப்பு. பள்ளியில் வைத்து என் கையில் தருவார்.

அப்பா மாதாமாதம் ரெண்டாம் சனிக்கிழமை நடத்தும் பறவை நடை இப்போதும் இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பத்துப் பதினைந்து பேர் ஏலாவின் வயல் வரப்பில் அவர் பின்னால் போவோம். முடிந்ததும் ஓடைக் கலுங்கின் மேல் உட்கார்ந்து கணக்கெடுப்பு. கரமனையிலிருந்து வருகிற ஸ்ரீகண்டன் சார், பாங்கில் ரிட்டயர் ஆனவர், அவர்தான் இப்போது நோட்டு வைத்திருக்கிறார். பறவையின் பெயரை வாசிப்பார். கண்டவர்கள் கை தூக்க வேண்டும். இரண்டு கையாவது இருந்தால்தான் எழுதுவார். முன்பெல்லாம் அப்பா குரல் கேட்ட பறவையையும் எழுதுவாராமே? அதை சார் நிறுத்திவிட்டார். "கேட்டேன் கேட்டேன்னு யார் வேணாலும் சொல்லலாம். கண்ணால பார்த்தாத்தான் ரெக்கார்டு" என்பது அவர் சட்டம்.

எட்டாம் தேதி அப்பா, "தண்ணீர்க்கோழி. ஆண். நெற்றியில் சிவப்பு. கிழக்கு மூலைக் கோரைக்குள்ளே" என்றார்.

"ரெண்டாவது கண் யாருது?" என்று சார் கேட்டார்.

ஒரு கையும் எழவில்லை.

"ஜெயன், ஒத்தைக் கண்ணை வச்சுண்டு நான் எழுத முடியாது, கேட்டேளா" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. முகம் எப்படியோ ஆனது. நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் விரல் நீட்டிய இடத்தை நானும் பார்த்தேன். கோரைதான் இருந்தது அக்கா, வேறு ஒன்றும் இல்லை. ஆனால் நான் கை தூக்கிவிட்டேன்.

அது வெறும் நோட்டு என்று நினைத்தேன். அந்த வயலை ஞானசிகாமணி மாமா வாங்கியது உனக்குத் தெரியாதே. மண் போட்டு நிரப்பி ஆடிட்டோரியம் கட்டப் போகிறாராம். நிரப்பக் கூடாத வயல்களின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடச் சொல்லி கிருஷிபவன் விவசாய ஆபீசில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். பதினைந்து வருடமாகத் தண்ணீர் நிற்காத காய்ந்த பூமி என்று எழுதியிருக்கிறார். தண்ணீர்க்கோழி காய்ந்த பூமியில் இருக்காது. அதனால் சார் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து ஆட்சேபணையோடு கொடுத்துவிட்டார். அதில் கண்டவர்கள்: ஜெயன், அஞ்சு ஜெயன்.

விசாரித்தால் நான் என்ன சொல்வது? பொய் சொன்னது நானா, அப்பாவா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கு மாமா கூடப்பிறந்த அண்ணன், அப்பா கட்டியவர். அவளிடமும் கேட்க முடியாது.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
அஞ்சு


திருநெல்வேலி
24 ஜூன் 2024

என் செல்ல அஞ்சுவுக்கு,

நீ எழுதிய கவரைப் பிரிக்காமல் ஒரு டூட்டி முழுவதும் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். நாங்கள் இருவரும் நலம். கண் ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். அத்தான் தேங்காய் மண்டிக்கு ஐந்து மணிக்கே போய்விடுகிறார். நீ எழுதியதை அவருக்குக் காட்டவில்லை.

அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா எப்படி இருக்கிறார்? தலைவலி என்று சொல்கிறாரா? இருட்டிய பிறகும் ஸ்கூட்டர் ஓட்டுகிறாரா? வாசல்படியில் எங்கேயாவது தடுக்கி விழுந்தாரா? மைக்செட் கடையில் ஒயர் வேலையெல்லாம் இன்னும் அவரேதான் செய்கிறாரா? இதற்கெல்லாம் மறக்காமல் பதில் எழுது.

பயப்படாதே. அந்தக் கோழி அங்கே இருக்கும். அப்பா இல்லாததைச் சொல்ல மாட்டார்.

அன்புடன்
ஷீனா


சாத்தங்கோணம்
3 ஜூலை 2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் இருவர் சுகத்துக்கும் நான் ஜெபிக்கிறேன். நான் எழுதியது என்ன, நீ கேட்டிருப்பது என்ன? நான் வயலைப் பற்றிக் கேட்டால் நீ வாசல்படியைப் பற்றிக் கேட்கிறாய்.

சரி, சொல்கிறேன். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். அப்பா தலைவலி என்று சொல்வதில்லை. ஸ்கூட்டரைப் பங்குனியிலேயே விற்றுவிட்டார். நடப்பது நல்லது என்கிறார். வாசலில் விழவில்லை. கடையில் சால்டரிங் வைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டார், இரண்டு தடவை. போதுமா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மாமா வீட்டுக்கு வந்தார். எனக்குப் புது ஸ்கூல் பை வாங்கி வந்திருந்தார்.

"மக்களே, பறவையெல்லாம் பாக்கியாமே. நல்லது. அந்தக் கோழிய நீ பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"எங்க வச்சு?"

"கெழக்கு மூலையில."

"எவ்வளவு பெருசு இருக்கும்?"

"கோழி அளவு."

"கோழின்னா எனக்க வீட்டுலயும் உண்டு. அதுகளும் மழை பெய்ஞ்சா ஈரத்துலதான் நிக்கும். அப்போ எனக்க வீட்டையும் ஏலான்னு எழுதிருவானுவளா?" என்று சொல்லி அவரே சிரித்தார். "ஆபீசர் பத்மஜா மேடம் நேர்ல வருவா. பிள்ளைய நிப்பாட்டிக் கேப்பா. சின்னப் பிள்ள பொய் சொல்லிச்சுன்னா கேசு ஆகுமாக்கும். நமக்கு எதுக்கு?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவ கண்டதச் சொல்லுகா அண்ணா" என்றாள். என்னை நம்பிச் சொன்னாளா, என்னை மாட்டிவிட்டாளா தெரியவில்லை.

போகும்போது மாமா அப்பாவிடம் கை நீட்டினார். அப்பா அந்தக் கையைத் தொடவே இல்லை. திண்டில் இருந்த செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். மாமா நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தக் கையாலேயே மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கு அப்பா மேல் கோபமாக வந்தது. சண்டை இருக்கலாம், அதற்காக வீட்டுக்கு வந்தவரை இப்படியா செய்வது?

அதற்குப் பிறகு மூன்று நாள் டியூஷன் முடிந்து தனியாக வயலுக்குப் போனேன். மாமா சால் வெட்டித் தண்ணீரையெல்லாம் ரோட்டோர ஓடைக்கு வடித்துவிட்டார். கிழக்கு மூலையில் மட்டும் கோரை பச்சையாக நிற்கிறது. இருட்டும்வரை நின்றேன். கோழியைக் காணவில்லை. கோரைக்குள் யாரோ குடத்தை முக்கித் தண்ணீர் மொள்வது போல ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. குபுக் குபுக் குபுக் என்று. தவளையோ, மாமா வைத்த மோட்டாரோ தெரியவில்லை. பயந்து ஓடி வந்துவிட்டேன்.

இப்போது இரண்டு பொய் ஆகிவிட்டது. என்ன செய்ய?

உன்
அஞ்சு


திருநெல்வேலி
14 ஜூலை 2024

அன்புள்ள அஞ்சு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இந்த வாரம் இரவு டூட்டி, அதனால்தான் தாமதம்.

மாமா நீட்டிய கை அப்பாவுக்கு எந்தப் பக்கம் இருந்தது? நேர் எதிரேயா, பக்கவாட்டிலா? யோசித்து எழுது.

அப்பாவிடம் கோபப்படாதே. நடைக்குப் போகும்போது அவருக்கு முன்னால் நட, பின்னால் நடக்காதே. அப்பா மார்ச் மாதம் இங்கே

மேலே அடித்திருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பேனா வழுக்கிவிட்டது.

சுட்ட விரலில் பர்னால் போடச் சொல்.

ஷீனா


சாத்தங்கோணம்
20 ஜூலை 2024, இரவு

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுத இன்று மனம் இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய்.

பேனா வழுக்கினால் ஐந்து தடவை குறுக்கே கோடு விழாது. டார்ச்சைத் தாளுக்குப் பின்னால் பிடித்துப் படித்துவிட்டேன். "அப்பா மார்ச் மாதம் இங்கே." உடனே அப்பாவின் பைபிளை எடுத்து உதறினேன். எல்லாத் துண்டுச் சீட்டையும் அதில்தானே வைப்பார். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ் டிக்கெட் இருந்தது. மார்ச் பதினாலு. அன்று நாகர்கோவிலுக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போவதாகத்தான் எங்களிடம் சொன்னார்.

உன்னைப் பார்க்க வந்திருக்கிறார். நீங்கள் இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டீர்கள். நான் மட்டும் ராத்திரியில் திருடி மாதிரி உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் பெயரை வீட்டில் சொன்னால் அம்மா அழுவாளே என்று இரண்டு வருடமாக வாயைத் திறக்காமல் இருக்கிறேன். எனக்கு ஏன் சொல்லவில்லை?

நீ கேட்டதற்குப் பதில்: பக்கவாட்டில். வலது பக்கம். அதனால் என்ன?

பதின்மூன்றாம் தேதி நடையில் இன்னொன்று நடந்தது. அப்பாவின் வலது தோளுக்கு நேராக, கை எட்டும் தூரத்தில், ஒரு கம்பத்தில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அப்பா மட்டும் பேசிக்கொண்டே நடந்தார். அது பறந்துவிட்டது. "ஜெயன் பெரிய மனுஷராயாச்சு. மீன்கொத்தியெல்லாம் இப்போ அவர் கண்ணுல படறதே இல்ல" என்றார் ஸ்ரீகண்டன் சார். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருக்கிறதைக் காணவில்லை, கோரைக்குள் இல்லாததைக் கண்டாராம். என்னைப் பொய்சாட்சி ஆக்கிவிட்டு இவர் சிரிக்கிறார். அன்று திரும்பி வரும்போது வரப்பில் அவர் என் தோளைப் பிடிக்க வந்தார். நான் விலகி நடந்துவிட்டேன்.

அஞ்சு


சாத்தங்கோணம்
4 ஆகஸ்ட் 2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமா? இரண்டு வாரமாக ராகேல் டீச்சர் வெறுங்கையைக் காட்டுகிறார். கோபத்தில் எழுதியதை மன்னித்துவிடு.

ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு பத்மஜா மேடம் வயலைப் பார்க்க வருகிறார். சாட்சி சொன்னவர்கள் இருக்க வேண்டும் என்று காகிதம் வந்திருக்கிறது. என் பெயருக்கு வந்த முதல் தபால் அதுதான். ரோட்டோரத்தில் ஏழு லாரி செம்மண் கொட்டிக் கிடக்கிறது. கையெழுத்து ஆனதும் தள்ளிவிட ஜேசிபியும் வந்து நிற்கிறது.

நான் பார்க்கவில்லை என்று சொன்னால் வயல் போகும், அப்பா பொய்யர் ஆவார். பதினொரு வருடமாக அவர் எழுதியதெல்லாம் பொய் என்பார்கள். பார்த்தேன் என்று சொன்னால் நான் பொய்க்காரி. எதைச் சொன்னாலும் ஒரு பொய் இருக்கிறது. உண்மை எங்கே இருக்கிறது என்று உனக்காவது தெரிந்தால் சொல்.

உன்
அஞ்சு


திருநெல்வேலி
8 ஆகஸ்ட் 2024

என் கண்ணான அஞ்சுவுக்கு,

சுகம், சுகம். எழுதவில்லையே என்று என்னைத் திட்டு. ஆனால் உட்கார்ந்து படி.

மார்ச் பதினாலாம் தேதி நான் டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுபத்திரண்டு என்றேன். எழுந்து வந்தது அப்பா. என்னைப் பார்க்க வரவில்லை அஞ்சு. நான் அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்வது அவருக்குத் தெரியாது. திருவனந்தபுரத்தில் காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் என்னைக் கண்டார். "நீதானா நர்சு?" என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். கண்ணில் மருந்து விட நான் தலையைப் பிடித்தபோது தட்டிவிடவில்லை.

கண்ணில் அழுத்தம் ஏறிப் பக்கப் பார்வை போய்விட்டது. இரண்டு கண்ணிலும். நடுவில் மட்டும் தெரியும், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி. அதனால்தான் பைபிள் வாசிக்கிறார், நீட்டிய கையைக் காணவில்லை. மங்கல் வெளிச்சத்தில் அதுவும் கஷ்டம். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற சொட்டு மருந்து உண்டு. அதை மைக்செட் கடையில் ஒளித்து வைத்திருப்பார்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பைபிள் மேல் என்னைச் சத்தியம் செய்ய வைத்தார். "கண்ணு தெரியாதவன் பறவை காட்டுகான்னு சிரிப்பானுவ. ஞானசிகாமணி அதையே பிடிச்சுக்கிடுவான். ஏலா போயிரும்" என்றார். இதை எழுதி அந்தச் சத்தியத்தை மீறிவிட்டேன். அதற்குத்தான் இத்தனை நாள் ஆனது.

நீ கேட்ட குடம் முக்கும் சத்தம் இருக்கிறதே, அது தவளை இல்லை, மோட்டார் இல்லை. எனக்குப் பத்து வயதில் அப்பா அதைக் கேட்க வைத்திருக்கிறார். ஆண் தண்ணீர்க்கோழி அப்படித்தான் கூப்பிடும். ஜூன் எட்டாம் தேதி அப்பா அதைக் கேட்டிருக்கிறார். கேட்டதைக் கண்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன பொய் அவ்வளவுதான். நெற்றியின் சிவப்பு, போன வருடங்களில் கண்ட சிவப்பு.

நீ 22ஆம் தேதி என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் தெரியவில்லை.

அவர் காதில் விழாமல் அழு.

அக்கா


சாத்தங்கோணம்
14 ஆகஸ்ட் 2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று கடிதம் கிடைத்தது. பள்ளி பாத்ரூமில் வைத்து நாலு தடவை படித்தேன். அங்கேயே அழுதும் முடித்துவிட்டேன், கவலைப்படாதே.

வரப்பில் அவர் என் தோளைப் பிடிக்க வந்தாரே, நான் விலகினேனே. அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

சாயங்காலம் அப்பாவிடம், "எனக்கு சயன்ஸ் புராஜெக்ட் உண்டு, ஏலாவுக்கு வரீங்களா?" என்று கேட்டேன். நான் முன்னால் நடந்தேன். அவர் கை என் தோளில் இருந்தது. லேசாகத்தான் வைத்திருந்தார், அப்பாவாகத்தான் வைத்திருக்கிறேன், வழிக்காக இல்லை என்பது மாதிரி. கலுங்குக்கு அந்தப் பக்கம் போனதும் அந்தச் சத்தம் தொடங்கியது. குபுக் குபுக் குபுக். அப்பா நின்றுவிட்டார். தலையைச் சாய்த்தார். பிறகு விரலை நீட்டினார், நேராக, சந்தேகமே இல்லாமல். நான் அந்த விரலின் வழியே பார்த்தேன். கோரைதான் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்திலிருந்து கூப்பிட்டது. விரலும் அங்கே போனது. அவர் கண் மட்டும் வேறு எங்கேயோ ரோட்டுப் பக்கம் இருந்தது.

"கண்டியா மக்களே?" என்றார்.

"இல்லப்பா" என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்வதற்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா?

"அது அப்படித்தான். லேசில காட்டாது" என்று மட்டும் சொன்னார்.

இப்போது பறவை இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் முன்னைவிட மோசமாகக் குழம்பிப் போயிருக்கிறேன். பொய் சொன்னால், வயலைக் காப்பாற்றும் ஒரு உண்மைக்காகச் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் அப்பாவின் கண்ணை ஊர் நடுவில் வைக்கிறேன். அவர் ஒளித்து வைத்ததைத் திறந்து காட்ட நான் யார்? மேடம் வருவதோ காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் கோழி கூப்பிடாது. விடியும்போதும் பொழுது மயங்கும்போதும்தான்.

மாமாவுக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. சர்ச் வாசலில் அப்பாவின் பக்கவாட்டில் நின்று குடையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன்
அஞ்சு


திருநெல்வேலி
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அஞ்சுவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டுக்குக் கட்டும் பட்டை ஒன்று டீச்சர் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கடையில் வாங்கியதாகச் சொல்.

நீ "இல்லப்பா" என்று சொன்னாயே, அது நல்லது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

22ஆம் தேதி எனக்கு டூட்டி இல்லை.

ஷீனா


சாத்தங்கோணம்
21 ஆகஸ்ட் 2024, இரவு. இல்லை, 22 ஆகிவிட்டது

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கிறேன், பதிலுக்குக் காத்திருக்க முடியாது. டூட்டி இல்லை என்று மட்டும் எழுதினால் நான் என்ன புரிந்துகொள்வது? வருகிறாயா? வந்தால் இதை உன் கையிலேயே தருவேன். வராவிட்டால் தபாலில் போடுவேன்.

நேற்று முன்தினம் மத்தியானம் ராகேல் டீச்சரைக் கூட்டிக்கொண்டு கிருஷிபவனுக்குப் போனேன். பத்மஜா மேடம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். எழுதிவைத்துப் பழகியதெல்லாம் மறந்துவிட்டது. "மேடம், நான் பார்க்கவில்லை. பொய்யாகக் கை தூக்கினேன்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தை எடுத்தார்.

"அப்பா?" என்று கேட்டார்.

"அப்பா கேட்டார்."

"இதில் கண்டது என்றல்லவா இருக்கிறது?"

டீச்சர் என் முதுகில் கை வைத்தார். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பத்து மணிக்கு அது கூப்பிடுமா மோளே?" என்று கேட்டார்.

"இல்லை. விடியும்போது."

"அப்படியானால் ஐந்தரைக்கு வருகிறேன். எனக்கும் காது உண்டு. கூப்பிட்டால் எழுதுவேன், கூப்பிடாவிட்டால் அதையும் எழுதுவேன். உன் பெயரை அடித்துவிடுகிறேன். ஆனால் விண்ணப்பம் போட்டவருக்குக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். அது முறை."

அந்த முறையில்தான் எல்லாம் கெட்டது. இன்று சாயங்காலம் மாமா வந்தார். இந்தத் தடவை பையும் இல்லை, பலகாரமும் இல்லை. அப்பா நாற்காலியில் இருந்தார்.

"ஒனக்க மகளே ஆபீசுல போய்ச் சொல்லியாச்சு ஜெயா, பாக்கவே இல்லன்னு. பிள்ளைக்கு இருக்க நேரும் நெறியும் ஒனக்கு இல்லியே."

மாமா நாற்காலிக்குப் பக்கவாட்டில் நகர்ந்து நின்றார்.

"கோழி கூப்பிடுமாம், அஞ்சரைக்கு ஆபீசரு வந்து கேப்பாளாம். நல்ல கச்சேரி. நானும் வருவேன் கேட்டியா. எல்லாரும் நிக்கும்போ ஒண்ணே ஒண்ணு கேப்பேன், எனக்க கையில எத்தன வெரலுன்னு. ஒனக்குப் பக்கத்துல நின்னு கேப்பேன்."

அடுப்படியிலிருந்து அம்மா இரண்டு தம்ளர் காப்பியோடு வந்தாள். ஒன்றை மாமா முன்னால் மேசையில் வைத்தாள். அப்பாவின் தம்ளரை மேசையில் வைக்கவில்லை. அவர் விரல்களைத் தொட்டு, அவற்றுக்கு நடுவே வைத்து, பிடி கிடைத்த பிறகுதான் கையை எடுத்தாள். அக்கா, அவள் எத்தனை மாதமாக அப்படிச் செய்கிறாளோ. நான் இன்றுதான் பார்த்தேன்.

"அண்ணா, காப்பிய குடிச்சிட்டு எறங்குங்க" என்றாள்.

"நான் நல்லதுக்கு..."

"ஆறிரும்."

அவள் அண்ணனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமா காப்பியைத் தொடாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அப்பா ஜெபத்துக்கு வரவில்லை. சாப்பிட்டாரா என்றும் தெரியாது. என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தாலும் அவர் பார்வைக்குள் நான் இருந்திருப்பேனா என்று யோசித்தேன், பிறகு அப்படி யோசித்ததற்கு வெட்கமாக இருந்தது. பள்ளியில் உண்மை சொன்னால் மனம் லேசாகும் என்றுதானே சொல்லித் தருகிறார்கள்? எனக்கு லேசாகவில்லை. நான் அவரைக் காட்டிக்கொடுத்தேனா, காப்பாற்றினேனா? நீ பக்கத்தில் இருந்தால் கேட்பேன்.

அவர் இல்லாமல் நாங்கள் போனால் கோரையில் எந்த இடம் என்று எங்களுக்குத் தெரியாது. ஸ்ரீகண்டன் சாருக்குக் குரல் தெரியாது. மேடம் காதை வைத்துக்கொண்டு தவளைச் சத்தத்தைத்தான் கேட்பார். அப்பா வர வேண்டும். எழுப்பிக் கேட்கலாம் என்று மூன்று தடவை எழுந்து கதவு வரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மணி நாலே முக்கால். இப்போது நம் வீட்டில் ஒரு சத்தம் கேட்கிறது. உள்ளங்கை சுவரில் உரசிக்கொண்டே வருகிற சத்தம். இத்தனை நாள் இது காதில் விழாமலா தூங்கினேன்? அடுப்படியைத் தாண்டிவிட்டது. செருப்புச் சத்தமும் சேர்ந்து வருகிறது. வீட்டுக்குள் யாரும் செருப்புப் போட மாட்டோமே. அப்பாதான். என் கதவில் வந்து நின்றுவிட்டது. அக்கா எனக்குப் பயமாக

தட்டுகிறார். "அஞ்சு, நேரமாச்சு மக்களே. டார்ச்ச எடுத்துக்க. எனக்கில்ல, ஒனக்கு" என்று